அறிவிப்புகளைப் படமாக வெளியிடும் அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அரசுத் துறைகள், மாவட்ட நிர்வாகங்கள், உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவற்றின் இணையதளங்களையும் சமூக ஊடகப் பக்கங்களையும் கவனித்துவரும் அலுவலர்கள்

வணக்கம்.

"அறிவிப்பைப் படமாக மட்டும் போடாதீர்கள், எழுத்தாகவும் போடுங்கள்" என்று பார்வையற்றோர் கேட்டால் இப்போதெல்லாம் ஒரு புதுப் பதில் வருகிறது. "அதான் ஏஐ வந்துடுச்சே சார், போட்டோவைக் காட்டினா அதுவே படிச்சுச் சொல்லிடுமே!" சொல்பவரிடம் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. பார்வையற்ற ஒருவர் கைபேசியை நீட்ட, எதிரில் இருப்பதை அது விவரிக்கும் காணொளி ஒன்றை யூடியூபில் பார்த்திருப்பார், வியந்திருப்பார். அந்த வியப்பு எனக்கும் உண்டு. ஆனால் அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவு சரியில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். கைபேசியில் டாக்பேக், மடிக்கணினியில் என்விடிஏ வைத்திருக்கிறேன். இரண்டும் திரைவாசிப்பான்கள், திரையில் எழுத்தாக இருப்பதைக் குரலாக்கித் தருபவை. என்விடிஏவை 2006-இல் எழுதத் தொடங்கிய மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற ஆஸ்திரேலியர்கள் இருவருமே பார்வையற்றவர்கள். இன்றுவரை அது இலவசம். எங்களில் பலர் அதை வைத்துத்தான் பட்டம் படித்தோம், போட்டித் தேர்வு எழுதினோம், வேலைக்கு வந்தோம். திரைவாசிப்பானுக்கு வேண்டியது எழுத்து. படம் வந்தால் "படம்" என்று சொல்லும். சில நேரம் கோப்பின் பெயரை, எழுத்தும் எண்ணுமாக ஒரு மந்திரம்போல ஓதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

அந்தப் படத்துக்குள் என்ன இருக்கிறது என்று இயந்திரம் சொல்லத் தொடங்கியது அண்மையில்தான். 2016 ஏப்ரலில் ஃபேஸ்புக், படத்தில் இருப்பதை எழுத்தில் விவரிக்கும் 'மாற்று உரை'யைத் தானாகவே எழுதும் வசதியைக் கொண்டுவந்தது. அந்த வேலையில் இருந்தவர்களில் ஒருவர் அந்நிறுவனத்தின் பார்வையற்ற பொறியாளர் மாட் கிங். ஏறத்தாழ நூறு பொருள்கள்தான் அதற்கு அடையாளம் தெரியும். "மூன்று பேர், புன்னகை, வெளிப்புறம் இருக்கலாம்" என்கிற அளவில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். கல்யாண வீடும் கட்சிப் பொதுக்கூட்டமும் அதற்கு ஒன்றுதான். மறு ஆண்டே மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ என்ற செயலி வந்தது. அதற்கு முன்னின்று உழைத்த சாகிப் ஷேக்கும் பார்வையற்ற பொறியாளர்தான். அச்சிட்ட தாளைக் கேமராவுக்கு முன் பிடித்தால் படித்துக் காட்டியது. டென்மார்க்கில் பிறந்து 2015-இல் வெளிவந்த பி மை ஐஸ் என்ற செயலி வேறு வழியில் போனது. நீங்கள் அழைத்தால் உலகின் எங்கோ ஒரு மூலையிலிருந்து பார்வையுள்ள தன்னார்வலர் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து, உங்கள் கேமரா வழியே பார்த்துச் சொல்வார். 2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4 என்ற ஏஐ வெளியானபோது, அந்தத் தன்னார்வலர் இருந்த இடத்தில் இயந்திரத்தையும் உட்கார வைக்கும் முயற்சியை அதே பி மை ஐஸ் அறிவித்தது. 2024-இல் கூகுளின் ஏஐயான ஜெமினி, டாக்பேக்குக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

வர்ணனை ஒரு வரியிலிருந்து பத்து வரியாக நீண்டதை நான் பெரிய மாற்றமாக நினைக்கவில்லை. திருப்பிக் கேள்வி கேட்க முடிகிறதே, அதுதான் மாற்றம். அக்கா மகளின் வளைகாப்புப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஏஐயிடம் காட்டினேன். நாற்காலியில் ஒரு பெண், கழுத்தில் மாலை, சுற்றிலும் பெண்கள், தட்டுகளில் பழங்கள் என்று முதலில் பொத்தாம்பொதுவாகச் சொன்னது. கூடவே வழக்கம்போல "மகிழ்ச்சியான சூழல் நிலவுகிறது" என்றும் சேர்த்துக்கொண்டது. (எந்தப் படத்தைக் காட்டினாலும் அதற்கு ஏதாவதொரு சூழல் நிலவியாக வேண்டும்.) வளையல் என்ன நிறம் என்றேன். பச்சையும் சிவப்பும், முழங்கை வரைக்கும் என்றது. பின்னால் யார் என்றேன். வெள்ளை முடியுடன் வயதான பெண்மணி, கையில் சந்தனக் கிண்ணம், கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றது. எங்கள் அம்மாதான், வேறு யார்? எந்தப் படத்திலும் நேரே பார்க்க மாட்டாள் என்று வீட்டில் எல்லோரும் சலித்துக்கொள்வதைக் காலமெல்லாம் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அந்தச் சலிப்பில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

அன்றாடத்தில் இதைவிடச் சின்ன வேலைகளே அதிகம். ஆவின் பால் பாக்கெட் நீலமா ஆரஞ்சா? வெள்ளைச் சட்டையில் காலையில் சாப்பிட்ட சாம்பார் தெறித்திருக்கிறதா? துவைத்து மடித்து வைத்ததில் சந்தன நிற வேட்டி எது? வாஷிங் மெஷின் திரையில் நிற்கும் எழுத்து என்ன பிழையைச் சொல்கிறது? மிளகாய்த் தூளுக்கும் மஞ்சள் தூளுக்கும் இதெல்லாம் வேண்டியதில்லை, மூக்கு போதும். ஆனால் கறைக்கு வாசனையும் இல்லை, தொட்டால் தட்டுப்படுவதும் இல்லை. கறையோடு வகுப்புக்குப் போய், பிள்ளைகள் பார்த்தும் பேசாமல் இருந்தார்கள் என்பதைச் சாயங்காலம் வேறு யாரோ சொல்லக் கேட்பது எப்படி இருக்கும் என்று பார்வையற்ற எந்த ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள்.

ரூபாய் நோட்டும் அப்படித்தான். 2016 நவம்பர் முதல் வந்த வரிசையில் நூறு ரூபாய் 142 மில்லிமீட்டர், இருநூறு 146, ஐந்நூறு 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றே. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கூட்டம் நிற்கும் கடை வாசலில் விரல் எப்படி அளக்கும்? பார்வையற்றோருக்காக நோட்டில் இருக்கும் மேடான அச்சு புழக்கத்தில் தேய்ந்துவிடுகிறது. ரிசர்வ் வங்கியே 2020 ஜனவரி முதல் நாள் 'மணி' என்ற செயலியை வெளியிட்டது. இணையம் இல்லாமலே நோட்டை அடையாளம் சொல்லும். ஓர் அலுவலகம் நினைத்தால் முடியும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வாழ்க்கையில் தாள்கள் இரண்டு வகை. ஒன்று, யாரிடம் வேண்டுமானாலும் நீட்டிப் படிக்கச் சொல்லக்கூடியது. மற்றொன்று, யாரிடமும் நீட்ட முடியாதது. மருத்துவப் பரிசோதனை முடிவு, கடன் பாக்கி பற்றி வங்கியிலிருந்து வரும் கடிதம், வேலையிடத்தில் வரும் விளக்கம் கேட்கும் குறிப்பாணை. இவற்றை எல்லாம் எங்களுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரோ சக ஊழியரோ படித்துவிடுவார். படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, சில வரிகளை விழுங்கி, தமக்குத் தோன்றியபடி சுருக்கிச் சொல்வார். சொந்தக் கடிதத்தை ஊரார் வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியிடம் காட்டி முழுதாகக் கேட்க முடிந்தபோது எவ்வளவு பாரம் இறங்கியது என்பதைச் சொல்லி விளங்கவைப்பது கடினம். அந்தப் படம் ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது என்பதும் தெரியாமல் இல்லை. ஆதார் அட்டையையும் பாஸ்புக்கையும் காட்டும்போது மனசு உறுத்தத்தான் செய்கிறது. பக்கத்து வீட்டுக்காரரா, பார்த்தறியாத நிறுவனமா என்று எடைபோட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலையில்தான் இருக்கிறோம்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு அப்புறம் என்ன குறை என்று கேட்பீர்கள்.

என் பிழைப்பிலிருந்தே சொல்கிறேன். மாணவர்களின் கட்டுரை ஏடுகளை முன்பு யாரையாவது உட்கார வைத்துப் படிக்கச் சொல்லித்தான் திருத்துவேன். கையெழுத்தையும் ஏஐ படிக்கிறது என்றதும் எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் ஏட்டைப் படமெடுத்துக் கொடுத்தேன். சரளமாகப் படித்தது. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை, லகர ளகர மயக்கமும் இல்லை. இந்தப் பையனா என்று சந்தேகம் வந்து சக ஆசிரியரிடம் காட்டினேன். "பள்ளிகூடம்" என்று அவன் எழுதியதை "பள்ளிக்கூடம்" என்று படித்திருக்கிறது. "பல்லம்" என்று எழுதியதைச் சத்தமில்லாமல் "பள்ளம்" ஆக்கியிருக்கிறது. பக்கம் முழுக்க இப்படியே. பொய் சொல்ல வேண்டும் என்று அது நினைக்கவில்லை. அடுத்து எந்தச் சொல் வருவது இயல்பு என்று கணித்துக் கணித்தே பேசும் இயந்திரம் அது. கண்ணுக்குத் தெரிவது தெளிவில்லாமல் இருந்தால், இருக்க வேண்டியதை வைத்து நிரப்பிக்கொள்ளும். அதுவும் தயங்காத குரலில். மனிதர் படித்தால் "இது சரியாகத் தெரியலையே" என்று இழுப்பார், இது இழுக்காது.

கட்டுரை ஏட்டில் இப்படி நடந்தால் மதிப்பெண்தான் கூடும். மாத்திரை அட்டையில் நடந்தால்? மருந்துக்கடையில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருகிறார்கள். காலாவதி தேதி அச்சான மூலை கடையிலேயே தங்கிவிடும். கையில் இருக்கும் துண்டில் வெள்ளி நிறத்தின் மேல் மங்கலாக ஏதோ எண்கள். தேதி என்ன என்று கேட்டால் தெரியவில்லை என்று சொல்லும் நாளும் உண்டு, ஒரு தேதியைச் சொல்லிவிடும் நாளும் உண்டு. மருந்து விஷயத்திலும் சாலையைக் கடப்பதிலும் இதை நம்பி இறங்கக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்து பிராண்டுகளின் உறையில் பார்கோடோ கியூஆர் குறியோ கட்டாயமாகியிருக்கிறது. மருந்தின் பெயரும் காலாவதியும் அதற்குள் எழுத்தாகவே இருப்பதால், ஊகிக்கும் வேலை அங்கே இல்லை. நான் கேட்பதும் இந்த மாதிரியான ஒன்றைத்தான்.

இப்போது உங்கள் அறிவிப்புகளுக்கு வருகிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளை பள்ளி உண்டா இல்லையா என்று மாவட்டமே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அறிவிப்பு வருகிறது, படமாக. டாக்பேக் "படம்" என்கிறது. ஏஐயைக் கூப்பிட்டால், மேலே அரசு முத்திரை, பின்னணியில் மேகங்களும் குடை பிடித்த குழந்தைகளும், வலது பக்கம் வெள்ளைச் சட்டையில் புன்னகையுடன் ஒருவர் என்று வரிசையாக வர்ணித்து, கடைசியாக விடுமுறைக்கு வருகிறது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரையா, எட்டு வரையா? எந்தெந்த வட்டங்களுக்கு? அலங்கார எழுத்துருவில் வளைத்து எழுதிய தாலுகா பெயர்களை அது எப்படிப் படிக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். மழையில் இணையமும் இழுத்துக்கொண்டிருந்தால் அந்த வர்ணனையும் இல்லை. பார்வையுள்ள என் சக ஆசிரியருக்கு இதற்கு ஒரு நொடி ஆகிறது. நான் அவருக்குத்தான் போன் செய்ய வேண்டியிருக்கிறது.

இதைவிட மோசம் அட்டவணை. முகாம் நடக்கும் நாள், வார்டு, இடம், நேரம் என்று நாலு பத்தியில் நாற்பது வரிசை; முழுவதும் ஒரே படம். ஏஐ படிக்கும்போது ஒரு வரிசை நழுவினால் போதும், ஏழாவது வார்டின் தேதி எட்டாவது வார்டுக்குப் போய்விடும். குரலில் துளியும் சந்தேகம் இருக்காது. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போய், பூட்டிய சமுதாயக் கூடத்தின் முன் நிற்பவருக்கு யார் பதில் சொல்வது? செயலி நடத்தும் நிறுவனமா, நீங்களா?

அதே அட்டவணை உங்கள் அலுவலகக் கணினியில் எழுத்தாகத்தான் பிறக்கிறது. யாரோ ஒருவர் அதைத் தட்டச்சு செய்கிறார். பிறகு அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்றுகிறீர்கள். எழுத்தாக இருந்ததைப் பாடுபட்டுப் படமாக்கியபின், படத்திலிருந்து எழுத்தைத் திரும்ப எடுக்க நாங்கள் ஏஐயைத் தேடுகிறோம். ஸ்கேன் செய்யாமல் நேரே பிடிஎஃப் ஆக்கினாலும் வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் பயனில்லை. திரைவாசிப்பானுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்று ஆணையிட்டுவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சட்டத்தை எடுத்து நீட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் இது சலுகை கேட்கும் மனு என்று நினைத்துவிடக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 42, மின்னணு ஊடகத்தில் வரும் உள்ளடக்கம் எல்லாம் அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கிக் கணக்குக்குக் கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொல்லும் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) முறையை எதிர்த்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிமன்றத்திலிருந்து வந்த தீர்ப்பு, எண்ணிம (டிஜிட்டல்) சேவைகளை அணுகுவதே அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. அந்த அமர்வில் இருந்த இரு நீதிபதிகளில் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஆர். மகாதேவன். இந்தத் தீர்ப்புகளில் எதுவும் "செயலி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்று எங்களிடம் சொல்லவில்லை.

வெளியில் இருப்பவர்களுக்காக மட்டும் கேட்கவில்லை. அரசுப் பணியில் எங்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. உங்கள் அலுவலகத்திலேயே பார்வையற்ற தட்டச்சரோ உதவியாளரோ இருப்பார். சென்னையின் பெனோ செஃபைன் 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் முழுப் பார்வையற்றவர் என்று பெருமையாகப் பேசுகிறோம். அதே சமயம், சாய்வாகவும் நிழல் விழுந்தும் எடுத்த சுற்றறிக்கைப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு "அனைவரும் உடனே பின்பற்றவும்" என்கிறோம். பார்வையற்ற ஊழியர் அதைப் பின்பற்றாவிட்டால் விளக்கம் கேட்கும் குறிப்பாணை வரும், அதுவும் ஸ்கேன் செய்த படமாக.

செய்ய வேண்டியதில் செலவு ஏதும் இல்லை. படத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அது பலருக்குப் பிடிக்கிறது, பகிர வசதி. அதனுடன் அதே செய்தியைப் பதிவிலேயே எழுத்தாக ஒட்டுங்கள். எக்ஸ் தளத்தில் படத்துக்கு மாற்று உரை எழுத 1,000 எழுத்து வரை இடம் இருக்கிறது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அந்த வசதி உண்டு. விடுமுறை அறிவிப்பு முழுவதும் அதில் அடங்கிவிடும். கையெழுத்திட்ட ஸ்கேன் பிரதி பதிவேட்டுக்குத் தேவையென்றால் இருக்கட்டும், பக்கத்தில் தட்டச்சு செய்த மூலக் கோப்பையும் ஏற்றுங்கள். அட்டவணையை அட்டவணையாகவே இணையப் பக்கத்தில் போடுங்கள். என்விடிஏ வரிசை வரிசையாக, பத்தித் தலைப்போடு படிக்கும், ஒன்றும் நழுவாது. தயவுசெய்து மாற்று உரையையும் ஏஐயிடம் எழுதச் சொல்லி அப்படியே ஒட்டிவிடாதீர்கள். மேகங்களும் குடையும் மறுபடி வந்துவிடும். எதற்காக அந்தப் படத்தைப் போட்டீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நிபுணர் வேண்டாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அமைப்புகளுக்குள் டாக்பேக் இருக்கிறது. அதை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் பக்கத்தின் கடைசிப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் மாவட்டத்துப் பார்வையற்ற ஆசிரியர் யாரையாவது கூப்பிடுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியாக வருவோம், டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

வளைகாப்புப் படத்துக்கும் சட்டைக் கறைக்கும் பால் பாக்கெட்டுக்கும் நான் ஏஐயைக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றுக்கு விளக்கம் எழுதித் தர உங்களால் முடியாது, கேட்பதும் நியாயமில்லை. நீங்கள் எழுதியதை மட்டும் எழுத்தாகத் தாருங்கள். வரும் அக்டோபரில் மழை தொடங்குவதற்கு முன், விடுமுறை அறிவிப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம். எந்த நாள், எந்த வட்டங்கள், எந்த வகுப்புகள், கல்லூரிகளுக்கும் பொருந்துமா: நான்கு வரிதான்.

இப்படிக்கு,
பார்வையற்ற ஓர் அரசுப் பள்ளித் தமிழாசிரியர்